கணக்கையா வீட்டில் ஓர் அரைத் திருப்பு

ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் குழாய் வேலை பார்த்த அந்த மனிதரை எல்லோரும் அரைத்திருப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். எந்தக் குழாயில் எந்த நட்டை யார் முடுக்கியிருந்தாலும் சரி, அவர் வந்து குனிந்து பார்ப்பார். "இரு, இரு. இன்னும் அரைத் திருப்பு இருக்கு" என்பார். ஸ்பானரைப் போட்டு ஓர் அரைத் திருப்பு கொடுத்துவிட்டுத்தான் நிமிர்வார். முடுக்கியவர் எதிரிலேயே நின்றாலும் கூச்சப்பட மாட்டார். பார்த்துக்கொண்டு நிற்கிற மூன்றாம் மனிதருக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

அந்த அரைத் திருப்பில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஐந்து மாடி. ஆபரேஷன் அறையில் ஆரம்பித்துச் சலவை அறை வரைக்கும் குழாய்கள். "நான் கை வெச்ச இடம் ஒழுகினதா சரித்திரமே கிடையாது" என்று கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். சுவரில் காதை வைத்தாரென்றால் உள்ளே எந்த இடத்தில் தண்ணீர் கசிகிறது என்று விரலால் தொட்டுக் காட்டிவிடுவார். இதெல்லாம் நிஜம். எதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவருக்குத் தெரியாமலே ஒரு கசிவு நடந்துகொண்டிருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து, ஆஸ்பத்திரியும் தன் பங்குக்கு அதே அளவு போட்டு, அதைப் பங்குச்சந்தையில் முதலீடு செய்து, ஓய்வுக்காலக் கணக்கு என்று ஒன்று அவர் பெயரில் வளர்ந்துவந்தது. வருடத்துக்கு இரண்டு முறை அதைப் பற்றிக் காகிதம் வரும். அவர் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார். மனைவி வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது ஒரு நாள் டப்பா நிரம்பி மூட முடியாமல் போய்விட்டது. எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துச் சொல்லும்படி அவள் இரண்டு காகிதங்களை எடுத்து நீட்டினாள். போன வருடத்துக் காகிதத்தில் மேலே போன இருப்புக் கோடு, இந்த வருடத்துக் காகிதத்தில் தலைகுப்புறக் கீழே வந்திருந்தது. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார்.

"எங்கேங்க போச்சு அவ்வளவும்?" என்றாள் மனைவி.

"ஒழுகியிருக்கு."

"எந்த இடத்துல?"

"அதான் தெரியல. சுவரு இருந்தா காதை வெச்சுப் பாக்கலாம். இதுல எங்க வெக்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சலவைக் கடையில் இருபத்தாறு வருடம் நின்றுகொண்டே இஸ்திரி போட்டவள் அவள். அந்தக் கடை அவளுக்குக் கொடுத்தது இரண்டு முட்டி வலி மட்டும்தான். கணக்கும் கிடையாது, ஒன்றும் கிடையாது. முட்டிக்கு ஆபரேஷன் செய்ய வேண்டுமென்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. ஆக, டப்பாவில் இருந்த அந்த ஒரே கணக்குதான் இரண்டு பேருடைய முதுமைக்கும் ஆதாரம்.

ஆஸ்பத்திரியில் சம்பளம் போடுகிற பிரிவில் இருந்தவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். கணக்கில் இருக்கிற பணத்தை வெளியே எடுக்காமலே, அந்தக் கணக்கின் பெயரிலேயே ஒரு வீடு வாங்கலாமாம். வாடகை கணக்குக்குள் போய்ச் சேருமாம். அரைத்திருப்புக்கு இது தேனாக இனித்தது. வீடு என்றால் தட்டிப் பார்க்கலாம். சுவர் இருக்கும், குழாய் இருக்கும். கோடு மாதிரி ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறங்கிப் போகாது.

கணக்கைப் பராமரிக்கிற அலுவலகத்தில் தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தாள். வாயைத் திறந்தால் கண்டிஷன்தான். மனைவி அவளுக்கு அங்கேயே கண்டிஷன் அம்மா என்று பெயர் வைத்துவிட்டாள்.

"சார், நாளைக்கு ஒரு வீட்டை வாங்கிட்டா, அது யாரு வீடு?"

"என் வீடு."

"இல்ல. உங்க கணக்கோட வீடு. சொல்லுங்க."

"என் கணக்கோட வீடு."

"வாடகை உங்க கைக்கு வராது. வரி, பெயிண்ட், ரிப்பேர் எல்லாம் கணக்குலேர்ந்துதான் போகணும். உங்க பாக்கெட்லேர்ந்து ஒரு பல்பு வாங்கி மாட்டினாலும் தப்பு. நீங்க, உங்க வீட்டம்மா, உங்க பொண்ணு, மாப்பிள்ளை, யாரும் ஒரு ராத்திரிகூட அங்க தங்கக் கூடாது. அப்புறம், சார் என்ன வேலை பாக்கறீங்க?"

"பிளம்பர்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "ஐயோ" என்றாள்.

"ஏம்மா, என்ன?"

"உங்க கையால அந்த வீட்டுல ஒரு வேலையும் செய்யக் கூடாது சார். கூலி வாங்காம செஞ்சாலும் தப்பு. வாங்காம செஞ்சாத்தான் பெரிய தப்பு. வெளியிலேர்ந்து நீங்க கணக்குக்குள்ள எதையோ திருட்டுத்தனமா போட்ட மாதிரி ஆயிடும். அப்படி ஆச்சுன்னா அன்னிக்கே கணக்கு மூடினதா அர்த்தம். மொத்தப் பணத்தையும் ஒரே வருஷத்து வருமானமா வெச்சு வரி போடுவாங்க. வரி கட்டறதுக்கு வீட்டையே விக்கணும். மூணுல ஒரு பங்கு போயிடும். வருஷா வருஷம் 'நானோ என் குடும்பத்தாரோ இந்த வீட்டில் எந்த வேலையும் செய்யவில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"இவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டார் அவர். இவ்வளவுதானாம்! மீனைப் பிடித்து, நீந்தாதே என்று சொல்லி, அதுவும் சரி என்று தலையாட்டின கதைதான்.

வீடு பிடித்தாயிற்று. இரண்டாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, பேருந்து நிலையத்தைப் பார்த்த ஜன்னல். ஒரு பெண் பேருந்து ஓட்டுநர் தன் கணவருடன் குடிவந்தாள். கணவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு. இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சோபாவில் படுத்திருப்பார். முதுகுதான் படுத்துவிட்டதே தவிர வாய் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. ஆனால் இரண்டு பேரும் தங்கமான மனிதர்கள். வாடகை ஒரு நாள் தப்பியதில்லை.

யார் வீடு என்ற குழப்பம் வரக் கூடாது என்பதற்காக மனைவி கணக்குக்கே ஒரு மரியாதை கொடுத்துவிட்டாள். "என்னங்க, கணக்கையா வீட்டுப் பக்கம் போயிட்டு வரீங்களா?" என்பாள். மாதம் பிறந்து வாடகை சேர்ந்துவிட்ட செய்தி வந்தால், "கணக்கையா நல்லா இருக்கட்டும்" என்பாள். அவரும் மனசாரச் சொல்வார், நல்லா இருக்கட்டும். அவர் ஓய்வு பெற்றார். கோடு மெல்ல மெல்ல மேலே ஏறியது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாயிற்று. காலையில் டீ குடிக்கும்போது இரண்டு பேருக்கும் காரணமில்லாமல் சந்தோஷமாக இருக்கும். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

ரிப்பேர் வந்தால் அலுவலகம் ஆள் அனுப்பும். அந்த நேரத்தில் அரைத்திருப்பு எதிர்ச்சாரியில் நின்று, இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே யாரோ ஒருத்தன் என்ன லட்சணத்தில் முடுக்குகிறானோ என்று கை துறுதுறுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். முதல் வருடக் கையெழுத்து ஒரு சிக்கலும் இல்லாமல் போட்டாயிற்று.

இரண்டாம் வருடக் கையெழுத்துக்கு ஆறு நாள் இருந்தது. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கண்டிஷன் அம்மாவிடம் கேட்டார். காகிதம் கொண்டுபோவது குழாய் வேலை இல்லை, தாராளமாகப் போகலாம் என்றாள். போனார். ஓட்டுநரம்மாள் வண்டியில் இருந்தாள். முதுகுவலிக்காரர் காகிதத்தை வாங்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னது, பக்கத்து வீட்டார் சொன்னது, வானொலியில் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். பிறகு, "வெயில்ல வந்திருக்கீங்க. என்னால எழுந்து கொடுக்க முடியல சார். சமையலறையில தண்ணி இருக்கு, நீங்களே எடுத்துக் குடிங்க" என்றார்.

போய் டம்ளரை எடுத்தார். 'டிக்' என்றது. சிங்க்குக்கு அடியில் இருந்த அலமாரிக்குள்ளிருந்து. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. குழாய்க்குப் போகிற இணைப்புக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கிற நட்டு. பார்க்காமலே தெரிந்துவிட்டது. போய்விடு என்று புத்தி சொன்னது. கால் கேட்டுக்கொண்டது. கை கேட்கவில்லை. அவர் குனிந்ததும், கதவைத் திறந்ததும், இருட்டில் துழாவி அந்த நட்டை இரண்டு விரலால் பிடித்ததும் அவருக்கே தெரியாது. அரைத் திருப்பு. சத்தம் நின்றுவிட்டது.

"சார்!" என்று அறையிலிருந்து குரல் வந்தது. "அந்த டிக்டிக் நின்னுடுச்சே! மூணு நாளா உயிரை வாங்கிட்டிருந்துது. என்ன சார் பண்ணீங்க?"

அவர் தன் கையைப் பார்த்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் படியிறங்கிவிட்டார்.

வீட்டில் மனைவி உட்கார்ந்தபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஸ்பானர் போட்டா திருப்பினீங்க?"

"இல்ல. விரலாலதான்."

"விரலாலதானே! அதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது? யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. அவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன? அவரு போய்ச் சொல்லப் போறாரா? பேசாம கையெழுத்துப் போட்டுட்டு வாங்க."

தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏன் ஓடினார் என்று கேட்க முதுகுவலிக்காரர் அன்றைக்கே போன் செய்தார். காரணத்தைக் கேட்டதும் சொன்னார்: "நான்தான் திருப்பினேன்னு சொல்லிடறேன் சார். எனக்கு என்ன வந்துது?"

"நீங்க சோபாவை விட்டே எழுந்திருக்க முடியாத ஆளு. சிங்க்குக்கு அடியில எப்படிக் குனிஞ்சீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று அரைத்திருப்பு போனை வைத்தார். ஆனால் அந்த நல்ல மனசைப் பற்றி மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

இரண்டு நாள் போயிற்று. 'நானோ என் குடும்பத்தாரோ எந்த வேலையும் செய்யவில்லை' என்று அச்சடித்த காகிதம் மேஜைமேல் கிடந்தது. பேனாவை எடுப்பார், வைப்பார். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பெரிய உத்தமர் என்று அவரைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு ஸ்பானர் அவர் பையோடு வீட்டுக்கு வந்ததுண்டு. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவர் பொய் சொன்னதில்லை. ஒழுகினால் ஒழுகுகிறது என்றுதான் எழுதுவார், யார் வேலையாக இருந்தாலும். அவருக்குத் தெரிந்த நேர்மை அவ்வளவுதான். அதுதான் இப்போது பேனாவை ஓட விடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மனைவி வெளியே போகிற செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"கிளம்புங்க. நானும் வரேன். போய்ச் சொல்லிடுவோம்."

"உன் முட்டி?"

"வரி போடறதுன்னா போடட்டும். இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கற மனுஷனை வெச்சுக்கிட்டு, எனக்குப் புது முட்டி ஒரு கேடா?"

அந்தச் சொல்லுக்கு அவர் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவர். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனார். பேருந்தில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும் விடவில்லை.

கண்டிஷன் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இதையெல்லாம் யாரும் வந்து சொல்றதில்ல சார்" என்றாள். திட்டுகிறாளா, பாராட்டுகிறாளா என்று தெரியவில்லை. மேலதிகாரியின் அறைக்குள் போனாள். சுவரில் இருந்த காலண்டரில் தேதிகளை அவர் மூன்று தடவை எண்ணி முடித்த பிறகு வெளியே வந்தாள்.

"இன்னும் கையெழுத்துப் போடலைங்கறதால ஒரு வழி இருக்கு. லைசென்ஸ் உள்ள பிளம்பர் ஒருத்தரை நாங்க அனுப்புவோம். அவர் அந்த நட்டைப் பார்த்து எழுதித் தரணும். உங்க வேலையால வீட்டுக்குப் பிரயோசனம் இருந்துதுன்னா, நீங்க கணக்குக்குள்ள உழைப்பைப் போட்டதா ஆயிடும், கணக்கு போச்சு. ஒரு பிரயோசனமும் இல்லைன்னா, தெரியாம கை பட்டதா எடுத்துக்கிட்டு விட்டுடுவோம். ஒரே ஒரு தடவை."

"பிரயோசனம் இல்லாமலா?" அரைத்திருப்புக்குச் சுருக்கென்றது. "ஒழுக்கு நின்னுடுச்சும்மா! நான் கை வெச்சு..."

மனைவி அவர் காலை நன்றாக மிதித்தாள். அவர் மிச்சத்தை மென்று விழுங்கினார்.

"ஆள் உங்களுக்கு வேண்டியவரா இருக்கக் கூடாது" என்று கண்டிஷன் அம்மா ஒரு பட்டியலை நீட்டினாள். மூன்று பெயர். முதல் இரண்டு பேரும் அவரோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள். மூன்றாவது பெயரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இவங்க ரெண்டு பேரும் வேண்டியவங்க. இவரு வேண்டாதவரு."

"அப்ப அவரையே போட்டுடறேன்" என்று அவள் எழுதிக்கொண்டாள்.

அந்த வேண்டாதவருக்கு ஆஸ்பத்திரியில் டேப்பு என்று பெயர். குழாய் மரைகளில் வெள்ளை டேப்பைச் சுற்றுவார், சுற்றுவார், சுற்றிக்கொண்டே இருப்பார். புதுக் கட்டடத்துக் குழாய் வேலை பதினோரு வருடம் அவருடைய காண்ட்ராக்ட். அவர் முடித்துப்போன இடமெல்லாம் அரைத்திருப்பு பின்னாலேயே போய்த் தன் பங்கைக் கொடுப்பார். ஒரு நாள் இஞ்சினியர்கள் வரிசையாக நிற்க, டேப்பு போட்ட பதினாலு நட்டுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அரைத் திருப்பு கொடுத்துக் காட்டினார். அன்றோடு பேச்சு நின்றது. அது ஆயிற்று எட்டு வருடம்.

குறித்த நாள் காலையில் எல்லோரும் சமையலறையில் கூடினார்கள். ஓட்டுநரம்மாள் லீவு போட்டிருந்தாள். முதுகுவலிக்காரர் சோபாவிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். மனைவி தன் கணவரின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள், அந்தக் கை இன்னொரு தடவை எங்கேயும் ஓடிவிடாமல். டேப்பு பையோடு உள்ளே வந்தார். தலை நரைத்திருந்தது.

"வணக்கம்ணே."

அரைத்திருப்பு தலையை மட்டும் ஆட்டினார். டேப்பு அலுவலகம் கொடுத்த கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"அண்ணே, பிரயோசனம் இல்லாத வேலைன்னு எழுதினா உங்களுக்கு நல்லது. பிரயோசனம்னு எழுதினா கெட்டது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்ப பாக்காமலே எழுதிடறேன். இதுக்கு எதுக்கு அலமாரியைத் திறந்துக்கிட்டு?"

ஓட்டுநரம்மாள் அதுதான் சரி என்பதுபோல மனைவியைப் பார்த்தாள். மனைவி கணவரைப் பார்த்தாள். அரைத்திருப்பு மூடியிருந்த அலமாரியைப் பார்த்தார். தன் திருப்பில் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது. சத்தம் நின்றதைத் தன் காதாலேயே கேட்டிருக்கிறார். பார்த்து எழுதினால் கணக்கு போய்விடும் என்றுதான் அவர் நிச்சயமாக நம்பினார்.

"பாக்காம எழுதினா அதுக்குப் பேரு பொய்" என்றார். "பொய் எழுதறதுன்னா அதை நானே வீட்டுல உக்காந்து எழுதியிருப்பேன். இவ இந்த முட்டியோட ஆபீஸ் வரைக்கும் வந்திருக்க வேண்டாம். பாருங்க. பாத்து என்ன இருக்கோ அதை எழுதுங்க."

டேப்பு டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு சிங்க்குக்கு அடியில் நுழைந்தார். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அலமாரிக்குள் டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் நகர்ந்தது.

"அண்ணே."

"சொல்லுங்க."

"நீங்க இதைப் பித்தளைன்னு நெனச்சுட்டீங்களா?"

"பித்தளைதானே?"

"பிளாஸ்டிக்குண்ணே. மேல பூச்சு."

வால்வை மூடிவிட்டு, நட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். உள்ளே இருந்த வாஷர் நைந்துபோய் இருந்தது. அது நைந்ததால் சொட்டியது. அதன் மேல் கொடுத்த அரைத் திருப்பில் நட்டு பிளந்துவிட்டது. தண்ணீர் அந்தப் பிளவு வழியாக இணைப்புக் குழாயின் மேலேயே சத்தமில்லாமல் இறங்கி, பின்பக்கப் பலகையில் ஊறிக்கொண்டிருந்தது. பலகை உப்பியிருந்தது.

"ஒழுக்கு நிக்கலண்ணே" என்றார் டேப்பு, மெதுவாக. "சத்தம்தான் நின்னுது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா நட்டு ரெண்டா போயிருக்கும். கீழ் வீட்டுக் கூரையெல்லாம் தண்ணியாயிருக்கும்."

அரைத்திருப்பு குனிந்து பார்த்தார். பார்ப்பதற்குக் கண்டிஷன் இல்லை. விரலை மட்டும் நீட்டவில்லை. பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, கணக்கு தப்பித்தது என்ற நினைப்பு அவருக்கு வரவில்லை. வேறொன்று வந்தது.

"ஆஸ்பத்திரிப் புதுக் கட்டடத்துல நீங்க போட்டது?"

"எல்லாம் இதேதான்."

"நான் எல்லாத்துக்கும் திருப்பு கொடுத்திருக்கேனே. ஒண்ணுகூட விரிசல் விடலியே. ஒரு இடம்கூட ஒழுகலியே."

டேப்பு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கமா வந்து அந்த அரைத் திருப்பை எடுத்துடுவேண்ணே."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

"அந்தப் பதினாலு?"

"அன்னிக்குச் சாப்பாட்டு நேரத்துல எடுத்தேன். நீங்க கேன்டீன்ல இருந்தீங்க."

"பதினோரு வருஷமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா கேக்கற ஆளாண்ணே நீங்க?" என்றார் டேப்பு. சோபாவிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியில் அடங்கியது. "நீங்க எடுத்த பேரு நல்ல பேரு. பழைய கட்டடத்துப் பித்தளைக்கெல்லாம் உங்க திருப்புதான் சரி. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். பேசாம இருந்தோமே தவிர, எனக்கு உங்கமேல ஒண்ணுமில்ல."

அரைத்திருப்புக்கு முதலில் காது இரண்டும் சுட்டன. வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனை பேர் முன்னால் எத்தனை தடவை மார்தட்டியிருப்பார்! பிறகு அந்த வெட்கத்துக்கு அடியிலிருந்து ஒரு பெரிய நிம்மதி எழுந்து வந்தது. ஐந்து மாடி, அத்தனை நோயாளிகள், ஒரு சொட்டு ஒழுகாமல் அவர் மானத்தைக் காப்பாற்றி, அவர் சம்பளத்தைக் காப்பாற்றி, அந்தச் சம்பளத்தில் வளர்ந்த கணக்கையும் இன்றைக்கு வந்து காப்பாற்றிக் கொடுக்கிறார் ஒரு மனிதர். அவரைத்தான் வேண்டாதவர் என்று இரண்டு நாளைக்கு முன்னால் அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தார். கையால் தொடாதே என்று அந்தக் கண்டிஷன் அம்மா அடித்துச் சொல்லியிருக்காவிட்டால், டேப்பு இங்கே வந்திருக்கவும் மாட்டார், இது தெரிந்திருக்கவும் மாட்டாது. அவளையும் நினைத்தார். அந்த நேரத்தில் அவருக்கு யார்மேலும் கோபமில்லை. எல்லோரும் தனக்கு நல்லது செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள், தான்தான் திரும்பிப் பார்க்கவில்லை என்று பட்டது.

"எழுதுங்க" என்றார்.

டேப்பு காகிதத்தை எடுத்துச் சமையல் மேடைமேல் வைத்துக்கொண்டு பேனாவைப் பிடித்தார். பேனா நகரவில்லை. "உங்க வேலையைப் பத்தி இப்படி எழுத எனக்குக் கை வரலண்ணே. 'பெரிய பிரயோசனம் இல்லை'ன்னு போடட்டுமா?"

"'பெரிய' எதுக்கு? பிரயோசனம் கொஞ்சம் இருந்துதுன்னு அர்த்தம் வந்துடும். ஒரு காசு பிரயோசனம் இல்லைன்னு எழுதுங்க. கெடுதல்னும் எழுதுங்க."

"கொட்டை எழுத்துல எழுதுங்க தம்பி" என்றாள் மனைவி.

எழுதினார். போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். புது வாஷரும் புது நட்டும் போட்டு, கையால் முடுக்கி, அதோடு நிறுத்திக்கொண்டார். அரைத்திருப்பு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இன்னும் கொஞ்சம் என்ற சொல் வாய் வரைக்கும்கூட வரவில்லை. பில்லைக் கணக்கையா பெயருக்குப் போட்டு முடிக்கும்போது கண்டிஷன் அம்மாவின் போன் வந்தது.

"மேல ஒத்துக்கிட்டாங்க சார். கணக்குக்கு ஒண்ணும் இல்ல. நீங்க வந்து கையெழுத்துப் போட்டுடலாம். கீழ ஒரு வரி சேர்த்திருக்கேன், ஒரு தடவை கை பட்டதுன்னு. அதையும் படிச்சுட்டுப் போடுங்க."

மனைவி அப்போதுதான் மணிக்கட்டை விட்டாள். பிடித்த இடம் சிவந்திருந்தது. ஓட்டுநரம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண்களும் சிரிக்கிறார்களா, அழுகிறார்களா என்று சொல்ல முடியவில்லை.

டேப்பு கீழே முத்திரை குத்தி, காகிதத்தின் நகலை மடித்து நீட்டினார். முப்பத்தோரு வருட வேலையைப் பற்றி ஒருவரும் அரைத்திருப்புக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. ஓய்வு பெற்ற அன்றைக்குக்கூடக் கை குலுக்கி அனுப்பினார்கள், அவ்வளவுதான். முதல்முதலாக எழுதிக் கொடுத்திருக்கிற இந்தக் காகிதத்தில் அவர் வேலை எதற்கும் உதவாதது, கேடு செய்தது என்று இருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நன்றி தம்பி" என்றார். காகிதத்தைப் பிரித்துப் படிக்கப் பார்த்தார். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. மனைவிதான் வாங்கி, கொட்டை எழுத்தில் இருந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.